குவாண்டுங் ராணுவம்: ரயில் பாதைக்குக் காவல் வந்த படை

வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். அந்த வேலி எழுந்து போய்ப் பக்கத்துத் தோட்டத்தையும் வளைத்துப் போட்டுவிட்டு, "முதலாளி, இதையும் உங்கள் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? 1931-இல் ஜப்பானின் குவாண்டுங் ராணுவம் செய்தது ஏறக்குறைய அதைத்தான். ரயில் பாதைக்குக் காவல் நிற்க அனுப்பப்பட்ட சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படை அது. அது தன் சொந்த அரசாங்கத்தைக் கேட்காமலே ஒரு போரைத் தொடங்கி, ஜப்பானைவிடப் பல மடங்கு பெரிய நிலப்பரப்பைப் பிடித்தது. கடைசியில் தன்னை நம்பி வந்த சொந்த நாட்டு மக்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹாங்காங் பக்கத்தில் இருக்கும் குவாங்டுங் மாகாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனப் பெருஞ்சுவர் கடலைத் தொடும் இடத்தில் ஷான்ஹாய்குவான் என்று ஒரு கோட்டை வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்குக் கிழக்கே இருக்கும் நிலம் என்பதுதான் 'குவான்டுங்' என்ற சொல்லின் பொருள். சீனாவின் வடகிழக்கு, அதாவது மஞ்சூரியா. ஆனால் ஜப்பானியர் இந்தப் பெயரை மஞ்சூரியாவின் தென்கோடியில் கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் லியாவோடுங் தீபகற்பத்தின் முனைக்கு மட்டும் வைத்துக் கொண்டார்கள். போர்ட் ஆர்தர் துறைமுகமும் டாய்ரன் (இன்றைய டாலியன்) துறைமுகமும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த இடத்தை 1898-இல் ரஷ்யா சீனாவிடமிருந்து 25 ஆண்டு குத்தகைக்கு எடுத்திருந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ஜப்பான் வென்றது. 1905 செப்டம்பர் 5 அன்று கையெழுத்தான போர்ட்ஸ்மத் உடன்படிக்கையின்படி அந்தக் குத்தகை ஜப்பானுக்கு மாறியது. கூடவே சாங்சுன் நகரிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையும் வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான சீனாவிடம் யாரும் முதலில் கேட்கவில்லை. பிறகு கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டார்கள். கணக்குப்படி குத்தகை 1923-இல் முடிந்திருக்க வேண்டும். ஐரோப்பா முதல் உலகப் போரில் மூழ்கியிருந்த 1915-இல், 'இருபத்தொரு கோரிக்கைகள்' மூலம் சீனாவை மிரட்டி அதை 99 ஆண்டாக நீட்டிக் கொண்டது ஜப்பான்.

ரயில் பாதையை நடத்த 1906-இல் தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனி தொடங்கப்பட்டது. மூலதனம் 20 கோடி யென். அதில் பாதி அரசாங்கத்தின் பங்கு. ஆனால் அரசாங்கம் ரொக்கம் எதுவும் போடவில்லை, ரஷ்யாவிடமிருந்து கிடைத்த பாதையையும் சுரங்கங்களையுமே பங்காகக் கணக்கு வைத்தது. பொதுமக்களுக்கு முதல் தவணையாக வெளியிட்ட பங்குகளுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன! மற்றபடி தேவைப்பட்ட பணத்தை லண்டனில் கடன் பத்திரம் விற்றுத் திரட்டினார்கள். முதல் தலைவர் கோட்டோ ஷிம்பேய், தைவான் காலனியை நிர்வகித்த அனுபவசாலி. ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம், ஓட்டல்கள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், ஒரு பெரிய ஆராய்ச்சித் துறை என்று கம்பெனியின் கை எல்லா இடத்திலும் இருந்தது. வண்டியில் ஏறிய சரக்கில் முக்கியமானது சோயா மொச்சை. பெயருக்குத்தான் ரயில்வே, நடந்தது ஒரு குட்டி அரசாங்கம். நம் ஊர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் நினைவு வந்தால் தப்பில்லை.

இனிதான் படை வருகிறது. போர்ட்ஸ்மத் உடன்படிக்கையின் இணைப்பில் ஒரு சின்ன வரி இருக்கிறது. ரயில் பாதையைக் காக்க ஒரு கிலோமீட்டருக்கு 15 பேருக்கு மிகாமல் காவலர்களை வைத்துக் கொள்ளலாம் என்பது அந்த வரி. டாய்ரனிலிருந்து சாங்சுன் வரை சுமார் 700 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 10,500 பேர் வரும். ஜப்பானிலிருந்து முறை வைத்து அனுப்பப்படும் ஒரு டிவிஷன், அதோடு ரயில்வே காவல் பட்டாலியன்கள், இவ்வளவுதான் ஆரம்பத்தில். முதலில் குவாண்டுங் ஆளுநரின் கீழ் இருந்த இந்தப் படையை 1919-இல் சிவில் நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனி ராணுவம் ஆக்கினார்கள். தலைமையகம் போர்ட் ஆர்தர்.

பிரித்தது சாதாரண நிர்வாகச் சீர்திருத்தம் போலத் தெரியலாம். ஆனால் அன்றைய ஜப்பானிய அரசியல் சட்டப்படி படைகளை ஏவும் அதிகாரம் பேரரசருக்கு மட்டுமே உண்டு, பிரதமருக்குக் கிடையாது. பேரரசரோ நேரடியாக உத்தரவு போடும் வழக்கம் இல்லாதவர். ஆக, பிரதமருக்கு அதிகாரம் இல்லை, பேரரசர் பேசுவதில்லை. டோக்கியோவிலிருந்து கடல் தாண்டித் தொலைவில் உட்கார்ந்திருக்கும் சில கர்னல்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

அதன் முதல் விளைவு 1928-இல் தெரிந்தது. அப்போது மஞ்சூரியா சாங் ட்சோலின் என்ற படைத்தலைவரின் கையில் இருந்தது. கொள்ளைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கி 'முதிய மார்ஷல்' என்று பெயர் வாங்கியவர். ஜப்பானியர் அவரை ஆதரித்தே வந்தார்கள், ஆனால் அவர் சொன்னபடி ஆடவில்லை. 1928 ஜூன் 4 விடிகாலையில் பீக்கிங்கிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த அவரது ரயில் முக்டன் (இன்றைய ஷென்யாங்) நகருக்கு வெளியே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திட்டம் போட்டவர் குவாண்டுங் ராணுவத்தின் கர்னல் கோமோட்டோ டைசாகு. பழியைத் திருப்ப இரண்டு சீனர்களைக் கொன்று அங்கேயே போட்டுவிட்டார்கள்.

பிரதமர் டனாகா கீச்சி குற்றவாளிகளைத் தண்டிப்பதாகப் பேரரசரிடம் சொன்னார். ராணுவம் ஒத்துக் கொள்ளவில்லை. அவர் பேச்சை மாற்றினார், பேரரசர் கோபித்துக் கொண்டார், 1929 ஜூலையில் டனாகா பதவி விலகினார். கொலை செய்த கர்னலுக்கு? ராணுவ நீதிமன்றம் இல்லை, சிறை இல்லை; பணியிலிருந்து விலக்கியதோடு சரி. சில ஆண்டுகளில் அவர் அதே தென் மஞ்சூரிய ரயில்வேயில் இயக்குநர் ஆனார். ரயிலுக்கு வெடி வைத்தவரே ரயில்வே இயக்குநர்! குண்டு வைத்ததால் கிடைத்த பலனும் தலைகீழ். சாங் ட்சோலினின் மகன் சாங் ஷுயெலியாங் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மஞ்சூரியாவில் சீனத் தேசியவாத அரசின் கொடியை ஏற்றிவிட்டார்.

கோமோட்டோவின் இடத்துக்கு வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். இஷிவாரா கஞ்சி, இடகாகி செய்ஷிரோ. இஷிவாரா ராணுவத்தின் மூளை என்று பெயர் எடுத்தவர், நிச்சிரென் பௌத்தத்தில் தீவிர ஈடுபாடு உள்ளவர். என்றாவது ஒரு நாள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உலகின் கடைசிப் பெரும் போர் நடக்கும், அதற்கான கச்சாப்பொருளுக்கு மஞ்சூரியா வேண்டும் என்பது அவர் கணக்கு. 1929-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியில் பட்டு விலை சரிந்து ஜப்பானியக் கிராமங்கள் பட்டினி கிடந்த நேரம் அது. மஞ்சூரியாதான் நம் உயிர்நாடி என்ற கோஷம் ஊரில் நன்றாகவே எடுபட்டது.

1931 செப்டம்பர் 18. இரவு பத்தரை மணிக்குச் சற்று முன்பு முக்டன் அருகே லியூடியாவோஹூ என்ற இடத்தில் தண்டவாளத்தில் ஒரு வெடி வெடித்தது. வைத்தது குவாண்டுங் ராணுவத்தின் ஒரு லெப்டினன்ட். சேதம் என்னவென்றால் ஒரு மீட்டருக்கும் குறைவான தண்டவாளம். கொஞ்ச நேரத்தில் வந்த சாங்சுன் ரயில் அந்த இடத்தைத் தாண்டி ஒழுங்காக முக்டன் போய்ச் சேர்ந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் "சீனர்கள் பாதையைத் தகர்த்துவிட்டார்கள்" என்று சொல்ல அது போதும். முன்கூட்டியே ரகசியமாகக் கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்த இரண்டு 24 சென்டிமீட்டர் ஹவிட்சர் பீரங்கிகள் சீனப் படைமுகாம் மீது முழங்கின. முகாமில் சுமார் 7,000 சீன வீரர்கள். தாக்கியவர்கள் சுமார் 500 பேர். ஜப்பானியருக்கு எதிராகச் சுட வேண்டாம் என்ற கொள்கையில் சாங் ஷுயெலியாங் இருந்ததால் பெரிய எதிர்ப்பு வரவில்லை. மறுநாள் காலை முக்டன் நகரம் ஜப்பானியர் கையில்.

டோக்கியோவுக்கு இது பற்றி வாசனை தெரியாமல் இல்லை. படையை அடக்கி வைக்கச் சொல்லிப் போர் அமைச்சர் ஒரு கடிதத்தோடு மேஜர் ஜெனரல் டடெகாவா என்பவரை அனுப்பியிருந்தார். அவரும் 18-ஆம் தேதி மாலையே முக்டன் வந்து சேர்ந்துவிட்டார். இடகாகி அவரை ரயில் நிலையத்தில் வரவேற்று நேராக ஒரு விருந்து விடுதிக்கு அழைத்துப் போனார். சாப்பாடு, சாக்கே மது, உபசரிப்பு. 'வேலை விஷயத்தை நாளைக்குப் பேசிக் கொள்ளலாம்.' பீரங்கி முழங்கியபோது கடிதம் தூதரின் பையிலேயே இருந்தது. டடெகாவா உண்மையில் ஏமாந்தாரா, ஏமாற விரும்பினாரா என்று வரலாற்று ஆசிரியர்கள் சந்தேகப்படுவதுண்டு. அவர் சதிகாரர்கள் பக்கம் சாய்ந்தவர் என்பதால் இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. அன்றிரவே ஜப்பானியத் தூதரகத்தைச் சேர்ந்த மொரிஷிமா என்ற அதிகாரி, பேசித் தீர்க்கலாம் என்று சொல்லப் போனார். ஒரு மேஜர் வாளை உருவிக் காட்டி அவர் வாயை அடைத்தார்.

அடுத்து நடந்தது இன்னும் விசேஷம். கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி செஞ்சூரோ, பேரரசரின் அனுமதி இல்லாமலே 21-ஆம் தேதி தன் படையை எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்கு அனுப்பினார். சட்டப்படி இது மரண தண்டனைக்குரிய குற்றம். அமைச்சரவை கூடியது. போனது போய்விட்டது, என்ன செய்வது என்று அதற்கான செலவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கலைந்தது! வவுச்சரில் கையெழுத்து விழுந்துவிட்டால் செலவு செல்லுபடியாகிவிடும் அல்லவா? பத்திரிகைகள் ஹயாஷிக்கு 'எல்லை தாண்டிய தளபதி' என்று பட்டம் சூட்டின. 1937-இல் அவர் பிரதமரே ஆனார். குவாண்டுங் ராணுவத் தளபதி ஹொன்ஜோ ஷிகெருவுக்குப் பேரரசரின் தலைமை மெய்க்காவல் அதிகாரி பதவியும் பிரபுப் பட்டமும் கிடைத்தன. 1932 ஜனவரியில் பேரரசரின் பாராட்டுரையும் படைக்கு வந்தது.

பிப்ரவரியில் ஹார்பின் விழுந்தது. 1932 மார்ச் 1 அன்று 'மஞ்சுகுவோ' என்ற புதிய நாடு அறிவிக்கப்பட்டது. சீனாவின் கடைசிப் பேரரசரான புயியை அதன் தலைவராக உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் பேரரசர் என்று முடிசூட்டினார்கள். சர்வதேச சங்கம் லிட்டன் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. அறிக்கை 1933 பிப்ரவரி 24-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது 42 நாடுகள் ஆதரவு, எதிர்த்தது ஜப்பான் மட்டும், சயாம் நடுநிலை. ஜப்பானியப் பிரதிநிதி மட்சுவோகா எழுந்து வெளியேறினார். கதை முடிந்தது.

1932-க்குப் பிறகு குவாண்டுங் ராணுவத் தளபதிக்கு மூன்று நாற்காலிகள்: படைத் தளபதி, மஞ்சுகுவோவுக்கான ஜப்பானியத் தூதர், குத்தகைப் பகுதியின் ஆளுநர். மஞ்சுகுவோவின் ஒவ்வொரு சீன அமைச்சருக்குக் கீழேயும் ஒரு ஜப்பானியத் துணை அமைச்சர் உட்கார்ந்திருந்தார். வேலையை நடத்தியவர் அவர்தான். இந்த ஏற்பாட்டுக்கு 'உள் வழிகாட்டுதல்' என்று நாகரிகமான பெயர். 1937-இல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது, நிசான் நிறுவனக் குழுமம் மஞ்சூரியாவுக்குக் குடிபெயர்ந்தது. தொழில் துறையை நடத்திய கிஷி நொபுசுகே பிற்பாடு 1957-இல் ஜப்பானின் பிரதமர் ஆனவர். பெரிய முதலாளிகளை உள்ளே விடமாட்டோம் என்று சபதம் போட்ட ராணுவம் ஐந்தே வருடத்தில் முதலாளியைத் தேடிப் போனது தனிக் கதை. அபினி விற்பனையும் அரசின் ஏகபோகமாக இருந்து வருமானம் தந்தது.

இந்த 'முன்மாதிரி நாட்டின்' அடியில் என்ன இருந்தது என்பதற்கு இரண்டு இடங்களைச் சொன்னால் போதும். 1932 செப்டம்பரில் ஃபூஷுன் அருகே பிங்டிங்ஷான் கிராமத்து மக்களை, கெரில்லாக்களுக்கு உதவினார்கள் என்று ஒன்றாகத் திரட்டி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். இன்னொன்று ஹார்பின் அருகே பிங்ஃபாங். 'குவாண்டுங் ராணுவத்தின் தொற்றுநோய்த் தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை' என்று பலகை மாட்டியிருந்த 731-ஆம் பிரிவு அங்கேதான் இருந்தது. ராணுவ மருத்துவர் இஷி ஷிரோவின் கீழ் உயிருள்ள கைதிகளுக்கு பிளேக், ஆந்த்ராக்ஸ் கிருமிகளை ஏற்றியும், கைகால்களை உறைபனியில் வைத்தும் சோதனை செய்தார்கள். கைதிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மரக்கட்டைகள்'. குறைந்தது மூவாயிரம் பேர் அங்கே இறந்தார்கள். போருக்குப் பின் ஆராய்ச்சி முடிவுகளுக்குப் பதிலாக அமெரிக்கா இஷியை விசாரணையிலிருந்து காப்பாற்றியது.

இஷிவாராவுக்குத் தன் வினையைத் தானே சந்திக்க வேண்டி வந்தது. 1936-இல் அவர் டோக்கியோவில் தலைமை அலுவலக அதிகாரி. குவாண்டுங் ராணுவம் உள் மங்கோலியாவிலும் சேட்டை செய்யத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவரே விமானத்தில் போனார். அங்கே இருந்த முட்டோ அகிரா என்ற இளைய அதிகாரி, "நீங்கள் மஞ்சூரியாவில் செய்ததைத்தானே நாங்கள் இங்கே செய்கிறோம்" என்ற பொருள்பட பதில் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். இஷிவாராவிடம் பதில் இல்லை. 1937-இல் சீனாவோடு முழுப் போர் வேண்டாம் என்று அவர் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை.

1939-இல் முதல் அடி விழுந்தது. மங்கோலிய எல்லையில் நோமொன்ஹான் என்ற இடத்தில், புல்வெளியில் எல்லைக் கோடு எங்கே என்ற தகராறு. அதை ஊதிப் பெரிதாக்கியவர்களில் முக்கியமானவர் ட்சுஜி மசனொபு என்ற மேஜர். டோக்கியோவுக்குத் தெரியாமல் ஜூன் 27 அன்று மங்கோலியாவுக்குள் புகுந்து சோவியத் விமானதளத்தைக் குண்டு வீசித் தாக்கினார்கள். சோவியத் பக்கம் வந்தவர் ஷுக்கோவ். ஆகஸ்ட் 20 அன்று டாங்குகளோடு அவர் தொடங்கிய சுற்றிவளைப்பில் ஜப்பானின் 23-ஆவது டிவிஷன் நொறுங்கிப் போனது. தளபதி உயேடா பதவியிழந்தார். ட்சுஜியோ, பழைய வழக்கப்படி, மேலே போனார். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் இறங்கிய ஜப்பானியப் படையின் திட்ட அதிகாரி இவர்தான். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் துயரம் அந்தப் படையெடுப்புக்குப் பின்தான் தொடங்கியது.

1941-இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும், நாமும் பின்னால் இருந்து பாயலாமா என்று குவாண்டுங் ராணுவத்தை ஏழு லட்சம் பேராக வீங்க வைத்தார்கள். 'சிறப்புப் பயிற்சி' என்று பெயர். பாயவில்லை. பசிபிக் போர் தோற்கத் தொடங்கியதும் நல்ல டிவிஷன்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே போயின: ஒன்று லெய்டேக்கு, ஒன்று பலாவுக்கு, ஒன்று ஒகினாவாவுக்கு. பெட்டி அப்படியே இருந்தது, உள்ளே சரக்கு இல்லை. 1945-இல் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானிய ஆண்கள் சுமார் இரண்டரை லட்சம் பேரை வாரிச் சேர்த்து எண்ணிக்கையை மறுபடி ஏழு லட்சம் ஆக்கினார்கள். பலருக்குத் துப்பாக்கியே கிடைக்கவில்லை.

அப்படி வாரப்பட்டவர்களில் பெரும்பாகம் விவசாயிகள். ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து இருபது ஆண்டில் பத்து லட்சம் குடும்பங்களை மஞ்சூரியாவில் குடியேற்றுவது என்று 1936-இல் ஒரு திட்டம் போட்டார்கள். 1945 வரை போனவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களுக்குக் கொடுத்த நிலத்தில் கணிசமான பகுதி சீன விவசாயிகளிடமிருந்து அடிமாட்டு விலைக்குப் பிடுங்கியது. பல குடியிருப்புகள் சோவியத் எல்லையை ஒட்டியே அமைந்தன. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ராணுவமோ 1945-இல், போர் வந்தால் மஞ்சூரியாவின் முக்கால் பங்கைக் கைவிட்டு, கொரிய எல்லை ஓரத்து மலைகளுக்குப் பின்வாங்குவது என்று முடிவு செய்திருந்தது. இதைக் குடியேறியவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ரஷ்யர்களுக்குத் தெரிந்துவிடுமாம்!

ஆகஸ்ட் 9 அதிகாலை சுமார் 15 லட்சம் சோவியத் வீரர்கள் மூன்று பக்கமும் நுழைந்தார்கள். தலைநகரிலிருந்து புறப்பட்ட முதல் ரயில்களில் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளின் குடும்பங்களும் ரயில்வே அலுவலர் குடும்பங்களும் இருந்தன. எல்லைக் கிராமங்களில் ஆண்கள் இல்லை. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் மட்டும் மழையில் நடந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று கெகன்மியாவோ என்ற இடத்தில் சோவியத் டாங்குகள் ஓர் அகதிக் கூட்டத்தின் மீது பாய்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. பல இடங்களில் தாய்மார்கள் குழந்தைகளைக் கொன்று தாங்களும் செத்தார்கள். குளிர்காலத்துக்குள் பசியும் டைபஸும் மீதியைப் பார்த்துக் கொண்டன. குடியேறிகளில் இறந்தவர்கள் சுமார் 80,000 பேர்.

சரணடைந்த வீரர்கள் உட்பட சுமார் ஆறு லட்சம் ஜப்பானியர் சைபீரிய முகாம்களுக்குப் போனார்கள். சுமார் 60,000 பேர் திரும்பவில்லை. கடைசித் தொகுதி 1956 டிசம்பரில்தான் ஊர் வந்தது. அந்த ஆண்டு திரும்பியவர்களில் ஒருவர் குவாண்டுங் ராணுவத்தின் திட்ட அதிகாரி செஜிமா ரியூசோ; 1958-இல் இட்டோச்சு வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்து அதன் சேர்மன் வரை உயர்ந்தார். இடகாகியும், டோக்கியோவில் பிரதமர் வரை உயர்ந்த குவாண்டுங் ராணுவத்தின் முன்னாள் தலைமை அதிகாரி டோஜோவும், முட்டோ அகிராவும் 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். இஷிவாரா மீது வழக்கே போடப்படவில்லை. கோமோட்டோ சீனச் சிறையில் இறந்தார்.

சீனக் குடும்பங்களிடம் விடப்பட்ட குழந்தைகள் அங்கேயே சீனர்களாக வளர்ந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த அதே விவசாயிகளில் பலர்தான் அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர்கள். 1981 மார்ச்சில் முதல் முறையாக 47 பேர் உறவினரைத் தேடி அரசுச் செலவில் ஜப்பான் வந்தார்கள். பிறகு 2,800-க்கும் மேற்பட்டோரை 'விடப்பட்ட அநாதைகள்' என்று அரசு ஏற்றுக் கொண்டது. ஆனால் 1945-இல் 13 வயது நிரம்பிய பெண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் விரும்பித்தான் அங்கே தங்கினார்கள் என்பது அரசின் வாதம். ஊர் திரும்ப வேண்டுமானால் ஜப்பானில் இருக்கும் உறவினர் யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். 1993 செப்டம்பரில் ஜாமீன் யாரும் இல்லாத 12 மூதாட்டிகள் விமானம் ஏறி டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். தாய்நாட்டில் சாக விடுங்கள் என்று பிரதமருக்கு எழுதிய வாசகத்தோடு அந்த இரவை விமான நிலையத்திலேயே கழித்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கு அரசு பொறுப்பேற்கும் சட்டம் அடுத்த ஆண்டு நிறைவேறியது.